கொல்லைப்புறத்தில் கிடைத்த சோறு!

வடலூர் வள்ளலார் வாழ்க்கை

சென்னையில் ஏழுகிணறு என்று ஒரு பகுதி உண்டு. அங்கே வீராசாமிப் பிள்ளை தெரு இருக்கிறது. 1830-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அந்தத் தெருவில் ஒரு வீட்டில், ஒரு சிறுவனுக்குச் சோறு போடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு!

உத்தரவு போட்டவர் பகைவர் அல்ல. கூடப் பிறந்த அண்ணன்!

அந்த வீட்டில் அண்ணியும் இருந்தார். அவருக்கு மனம் கேட்கவில்லை. கணவர் இல்லாத நேரம் பார்த்துக் கொல்லைப்புறமாகச் சிறுவனை வரச் சொல்வார். வயிறு நிறையச் சோறு போடுவார். சிறுவன் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே போய்விடுவான்.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் வள்ளலார் என்று போற்றப்பட்ட இராமலிங்க அடிகள். வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு 1867-ல் எரியத் தொடங்கியது. இன்று வரை அது அணையவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. தெருவில் திரியும் பிராணிகளையும், வளர்த்தவர்களால் கைவிடப்பட்ட பிராணிகளையும் காப்பாற்றும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ, தமிழ்நாடு அரசு 2022-ல் 20 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதற்கு வைத்த பெயர், வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள்!

சோறு மறுக்கப்பட்ட சிறுவன் எங்கே? தெருவில் கிடக்கும் நாய்க்குட்டி எங்கே? இரண்டுக்கும் என்ன தொடர்பு? வள்ளலாரின் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும்.

மருதூரில் பிறந்தார்

சிதம்பரத்துக்கு அருகே மருதூர் என்ற சிற்றூர். இன்று அது கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே இராமையா பிள்ளை என்பவர் வாழ்ந்தார். ஊர்க் கணக்கு எழுதுவார். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுப்பார். அவர் மனைவி சின்னம்மை.

இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். சபாபதி, பரசுராமன், உண்ணாமலை, சுந்தரம்மாள், இராமலிங்கம். கடைக்குட்டியான இராமலிங்கம் பிறந்தது 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது, பெற்றோர் சிதம்பரம் கோயிலுக்குத் தூக்கிச் சென்றார்கள். சன்னதியில் திரையை விலக்கித் தீபம் காட்டியபோது, கைக்குழந்தை கலகலவென்று சிரித்தது என்று சொல்வார்கள்.

அந்தச் சிரிப்பு வீட்டில் நிலைக்கவில்லை. சில மாதங்களிலேயே இராமையா பிள்ளை இறந்துவிட்டார்.

ஐந்து பிள்ளைகளோடு சின்னம்மை தவித்தார். பொன்னேரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னக்காவணம் அவருடைய பிறந்த ஊர். அங்கே சிறிது காலம் இருந்தார். பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. மூத்த மகன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து சம்பாதித்தார். அந்த வருமானத்தில் குடும்பம் நடந்தது.

பள்ளிக்குப் போகாத பிள்ளை

தம்பியைப் பெரிய படிப்பாளி ஆக்க வேண்டும் என்பது சபாபதியின் ஆசை. தாமே பாடம் சொல்லிப் பார்த்தார். பிறகு காஞ்சிபுரம் சபாபதி முதலியார் என்ற பெரும் புலவரிடம் அனுப்பினார். தம்பிக்குப் பாடத்தில் நாட்டம் இல்லை. கந்தகோட்டம் முருகன் கோயிலே கதி என்று கிடந்தான்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. படிக்காத பிள்ளைக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டார். மனைவி பாப்பாத்தி அம்மாளிடமும் கண்டித்துச் சொன்னார்.

அண்ணன் கொடியவர் அல்ல. தம்பி உருப்படவேண்டுமே என்ற கவலைதான் அவரை அப்படிப் பேச வைத்தது. ஆனால் பசிக்கு அதெல்லாம் தெரியாதே! பசித்த வயிற்றோடு பிள்ளை கோயில் வாசலில் கிடப்பதை நினைத்தால் பாப்பாத்தி அம்மாளுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அதனால்தான் கொல்லைக் கதவு திறந்தது.

ஒருநாள் தகப்பனாருக்குத் திவசம். வீட்டில் பலகாரங்கள் செய்தார்கள். விருந்தினர் பலரும் முன்புறம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எல்லாரும் போன பிறகு, அந்த வீட்டுப் பிள்ளை பின்புறமாக வந்து சாப்பிட உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும் அண்ணிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் சொல்வதைக் கேட்டு வீட்டிலேயே இருந்து படிக்கக்கூடாதா என்று கெஞ்சினார்.

அண்ணியின் கண்ணீர் இராமலிங்கத்தை அசைத்தது. மாடியில் ஓர் அறை கேட்டான். ஒரு கண்ணாடியும் விளக்கும் கேட்டான். கிடைத்தன. அறைக்குள் தியானத்தில் அமர்ந்தான். அன்று முதல் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

ஒன்பது வயதுப் பிரசங்கி

ஒருசமயம் சோமு செட்டியார் என்பவர் வீட்டில் சபாபதி தொடர் பிரசங்கம் செய்து வந்தார். திடீரென்று உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. நிகழ்ச்சியை நிறுத்த வேண்டாம், நீ போய் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வா என்று தம்பியை அனுப்பினார்.

போன சிறுவன் பாட்டோடு நிறுத்தவில்லை. பெரியபுராணத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். இரவு நெடுநேரமாகியும் கூட்டம் கலையவில்லை. இனிமேல் இந்தப் பிள்ளையே பிரசங்கம் செய்யட்டும் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். அப்போது அவனுக்கு வயது ஒன்பது என்பார்கள்.

இந்தப் பிள்ளைக்கா சோறு போடாதே என்றோம் என்று அண்ணன் கண் கலங்கினாராம்.

சிறுவன் வளர்ந்து இளைஞர் ஆனார். கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பாடல்கள் பாடினார். 1850-ல் உறவினர் வற்புறுத்தி அவருக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். அக்காள் உண்ணாமலையின் மகள் தனக்கோட்டிதான் மணமகள். ஆனாலும் இல்லறத்தில் அவர் மனம் செல்லவில்லை.

1858-ல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். கோயில் கோயிலாகத் தரிசித்துக்கொண்டு சிதம்பரம் வந்து சேர்ந்தார். பிறகு கருங்குழி என்ற ஊரில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். தலையிலிருந்து கால் வரை போர்த்திய வெள்ளை ஆடை. குறைந்த சாப்பாடு. இப்படி ஒன்பது ஆண்டுகள் அங்கே கழிந்தன.

பசி என்னும் நெருப்பு

சென்னையில் இருந்தவருக்குக் கிராமத்துப் பசி கண் முன்னே தெரிந்தது. மழை பொய்த்தால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் கஞ்சி இல்லை. 1866-ல் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலும் பஞ்சம் வந்தது.

அடிகளாரின் மனம் மனிதரோடு நிற்கவில்லை. பயிர் தண்ணீரின்றித் தலை சாய்ந்து நின்றாலும் வருந்துவார். ஆடு, கோழி, பன்றிகளை மேளதாளத்தோடு பலி கொடுக்க ஓட்டிச் செல்வதைப் பார்த்தால் உள்ளம் நடுங்குவார். வலை, தூண்டில், கண்ணி இவற்றைக் கண்டாலே பயந்துவிடுவார்.

ஏன் இப்படி? எல்லா உயிரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்பது அவர் முடிவு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் அழுதால் மற்றவர் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? உயிர்களுக்குள் இருக்கும் இந்த உறவை உணர்ந்து இரங்குவதைத்தான் அவர் ஜீவகாருண்யம் என்றார். உயிர் இரக்கம் என்பது அதன் பொருள். கடவுளை அடைய அதுவே வழி என்றார்.

இரக்கப்பட்டால் மட்டும் போதாது. பசியை ஆற்றவேண்டும். பசித்தவன் எந்த நாடு, எந்தச் சாதி, எந்தச் சமயம், நல்லவனா கெட்டவனா என்று விசாரிக்கக்கூடாது. மிருகம், பறவை, ஊர்வன, செடி கொடி இவற்றின் பசியையும் ஆற்றவேண்டும். இப்படி உரைநடையில் எழுதி வைத்தார்.

யார் வீட்டுப் பிள்ளை, எதற்காகத் துரத்தப்பட்டான் என்று பார்க்காமல் சோறு போட்டவர் பாப்பாத்தி அம்மாள். அண்ணி அன்று செய்ததை வள்ளலார் ஊருக்கே சட்டமாக்கினார்!

வடலூரில் எரிந்த அடுப்பு

1865-ல் தம் கொள்கைகளைப் பரப்ப ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அடுத்தது அன்னசாலை. அதற்கு இடம் வேண்டும். அவரிடமோ சல்லிக்காசு கிடையாது.

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் வழியில் வடலூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பகுதிக்குப் பார்வதிபுரம் என்றும் பெயர். சிதம்பரம் கோயிலின் கோபுரங்கள் அங்கிருந்து தெரியும் என்பார்கள். அங்கே இருந்த குடியானவர்கள் சுமார் 40 பேர் சேர்ந்து 80 காணி நிலம் எழுதிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 100 ஏக்கர்!

நிலம் கொடுத்தவர்கள் ராஜா அல்ல, ஜமீன்தார் அல்ல. உழுது பிழைக்கும் ஊரார்.

1867-ஆம் ஆண்டு மே 23-ந் தேதி சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. அப்போது அது மண்சுவரும் கூரையும் கொண்ட கட்டடம்தான். உள்ளே 21 அடி நீளத்தில் கோட்டை அடுப்பு. அகலமும் ஆழமும் இரண்டரை அடி. அன்று மூட்டிய தீ அணையக்கூடாது என்பது ஏற்பாடு.

ஊரார் அரிசி கொடுத்தார்கள். பருப்பும் காயும் கொடுத்தார்கள். அன்பர்கள் சமைத்தார்கள், பரிமாறினார்கள். யார் என்று கேட்காமல் இலை போட்டார்கள். தீண்டாமை தலைவிரித்து ஆடிய காலம் அது! அந்தக் காலத்தில் எல்லாச் சாதியாரும் ஒரே இடத்தில் சாப்பிட்டார்கள்.

வயிற்றுக்கு மட்டுமல்ல, அறிவுக்கும் வழி செய்தார். சாதாரண மக்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்த ஏற்பாடு செய்தார். பெரியவர்களும் உட்கார்ந்து படித்தார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளை, ஊருக்கே பள்ளி திறந்தார்!

கடல் கடந்த ஊர்களில்

அதே காலத்தில் வேறு நாடுகளிலும் சில மனங்கள் விழித்தன.

லண்டனில் மேரி டீல்பி என்ற அம்மையார் இருந்தார். பசியால் வாடிய தெரு நாய்களுக்காக 1860-ல் ஒரு காப்பகம் தொடங்கினார். மனிதர்கள் பட்டினி கிடக்கும்போது நாய்க்கு வீடா என்று பலர் கேலி செய்தார்கள். அம்மையார் 1865-ல் இறந்தார். காப்பகம் நின்றுவிடவில்லை. 1871-ல் பாட்டர்சீ என்ற இடத்துக்கு மாறியது. இன்றும் அங்கே நடக்கிறது.

கல்கத்தாவில் 1861-ல் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. நியூயார்க்கில் 1866-ல் அப்படி ஒரு சங்கம் தொடங்கியது. மறு ஆண்டு வடலூரில் அடுப்பு எரிந்தது.

மனிதனுக்கா, பிராணிக்கா என்று லண்டனில் கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு வடலூரில் இடமே இல்லை. பசி யாருக்கு வந்தாலும் பசிதான் என்றார் வள்ளலார்.

சபைக்கு நிபந்தனை, சோற்றுக்கு இல்லை!

நல்லது செய்தவருக்கும் எதிர்ப்பு வந்தது. 1867-ல் அவருடைய பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சாகின. அந்தப் பெயர் தகுமா என்று பெரிய விவாதம் எழுந்தது. யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். 1869-ல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனது. வழக்கு ஒருபக்கம் நடக்க, வடலூரில் உலை கொதித்துக்கொண்டே இருந்தது.

1870-ல் அருகில் உள்ள மேட்டுக்குப்பத்துக்குக் குடிபெயர்ந்தார். 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி தைப்பூசம். அன்று வடலூரில் எண்கோண வடிவில் கட்டிய சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது.

கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே சபைக்குள் வரலாம் என்பது அங்கே விதி. ஆனால் தருமச்சாலைக்கு அந்த விதி கிடையாது! புலால் உண்பவனுக்கும் பசித்தால் சோறு போடவேண்டும் என்றார். வழிபாட்டுக்கு நிபந்தனை வைத்தவர், சாப்பாட்டுக்கு வைக்கவில்லை. வள்ளலார் மனத்தைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்றார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஜில்லா அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது அறை காலியாக இருந்தது. ஜோதியில் கலந்துவிட்டார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது 50.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில் தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். வள்ளலார் இல்லை. அவர் மூட்டிய அடுப்பு இருந்தது.

கருணை சட்டமானது

பிராணிகளிடம் இரக்கம் என்பது தனி மனிதர் குணமாகவே நெடுங்காலம் இருந்தது. பின்னர் அது தொண்டாகவும் சட்டமாகவும் மாறியது.

1959-ல் சென்னையில் பெருமழை. தெருவெல்லாம் வெள்ளம். விமானியான கேப்டன் சுந்தரம் என்பவர், தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைப் பார்த்தார். வீட்டுக்குத் தூக்கி வந்தார். அப்படித் தொடங்கியதுதான் புளூ கிராஸ் என்ற பிராணி நலச் சங்கம்.

கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் உறுப்பினராக இருந்தார். பிராணிகளுக்காக அவர் விடாமல் வாதாடினார். 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் அவரே.

2001-ல் தெரு நாய்களுக்கென்று மத்திய அரசு விதிகள் செய்தது. நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்ய வேண்டும், வெறிநோய்த் தடுப்பு ஊசி போடவேண்டும் என்று அவை கூறின. 2023-ல் புதிய விதிகள் வந்தன.

இந்த வேலையில் தொண்டர்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். அடிபட்ட நாயைத் தூக்கி வந்து கட்டுப் போடுகிறார்கள். குட்டிகளுக்கு ஊசி போட்டு, வளர்க்க விரும்பும் வீடு தேடிக் கொடுக்கிறார்கள்.

தெருவில் பிறந்த நாய்கள் மட்டுமல்ல. வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்த நாய்களும் உண்டு. வீடு மாறுகிறார்கள், நாயை விட்டுவிடுகிறார்கள். நோய் வந்தால் விட்டுவிடுகிறார்கள். கிழடானால் விட்டுவிடுகிறார்கள். தெருவில் பிறந்த நாய்க்குத் தெரு பழக்கம். வீட்டு நாய்க்குச் சாத்திய கதவைத் தவிர வேறொன்றும் தெரியாது. அங்கேயே காத்துக் கிடக்கும்.

நாய்க்கடிக்குப் பயப்படுவதும் நியாயம்தான். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது மிக அரிது. அதனால்தான் நாய்களுக்குத் தடுப்பு ஊசி போடும் தொண்டு, நாய்க்கும் நன்மை, நமக்கும் நன்மை.

அந்தக் கதவு

வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ந் தேதியைத் தனிப்பெருங்கருணை நாள் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தைப்பூசத்தன்று வடலூரில் லட்சக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். தருமச்சாலையில் இன்றும் இலை விரிக்கிறார்கள். வந்தவர் யார் என்று கேட்பதில்லை.

பாப்பாத்தி அம்மாளுக்குச் சபை இல்லை, சாலை இல்லை. நூல் எதுவும் அவர் எழுதவில்லை. வாசல் அடைபட்டபோது கொல்லைக் கதவைத் திறந்தார். ஒரு பிடி சோறு போட்டார். அவ்வளவுதான்.

அந்த ஒரு பிடி சோறு வடலூரில் அணையாத அடுப்பாகி எரிந்துகொண்டிருக்கிறது. இன்று ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையில், எலும்பும் தோலுமான ஒரு நாய்க்குட்டி வந்து நிற்கும். அந்த வீட்டிலும் ஓர் அம்மாள் இருப்பார். கதவைத் திறப்பார்!